தை மாதக் காற்றில் சென்னையிலிருந்து கொச்சிக்கு

சென்னைத் துறைமுகத்திலிருந்து கொச்சி வரை கரையை ஒட்டிப் பாய்மரப் படகில் போனால் தூரம் ஏறத்தாழ 500 கடல் மைல், அதாவது சுமார் 930 கிலோமீட்டர். புதுச்சேரி, காரைக்கால், கோடியக்கரை, பாம்பன், தூத்துக்குடி, கன்னியாகுமரி, விழிஞ்ஞம், கொல்லம் என்று வழிநெடுக ஒதுங்க இடம் உண்டு. எட்டு ஒன்பது மீட்டர் நீளமுள்ள படகு, நான்கு நண்பர்கள், ஒரு மாத அவகாசம் ஆகியவை இருந்தால் முடிகிற பயணம் இது. ஆனால் எந்த மாதத்தில் கிளம்புவது, எந்தப் பக்கத்திலிருந்து கிளம்புவது என்ற இரண்டு முடிவுகளைத் தவறாக எடுத்தால், மற்ற ஏற்பாடுகள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பயன் இல்லை.

இந்தத் திட்டத்தைப் பொங்கலூரில் உட்கார்ந்து போடுவது விசித்திரமாகத் தோன்றலாம். பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் இடையில், கோவை–திருச்சி சாலையில் உள்ள ஊர் அது. தறிச் சத்தமும் கோழிப் பண்ணையும் பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் தண்ணீரும்தான் அந்த வட்டாரத்தின் அன்றாடம். ஆயினும் வரைபடத்தை விரித்தால் இந்தக் கடல்வழி பொங்கலூரைக் கிழக்கிலும் தெற்கிலும் மேற்கிலும் சுற்றி வருவது தெரியும். புறப்படும் துறையும் சேரும் துறையும் சாலை வழியில் ஒரு நாளுக்குள் எட்டுகிற தூரம்தான். நடுவழியில் இருக்கும் தூத்துக்குடியோ திருப்பூர்ப் பனியன் பெட்டிகள் கண்டெய்னரில் ஏறிக் கப்பலுக்குப் போகிற துறைமுகம்.

பழைய கரையோர வழி

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் கையேடு சோழமண்டலக் கரையில் கமாரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைகளைக் குறிப்பிடுகிறது. இவை காவிரிப்பூம்பட்டினம், அரிக்கமேடு, மரக்காணம் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கின்றனர். இத்துறைகளிலிருந்து உள்ளூர்க் கலங்கள் கரையை ஒட்டியே முசிறி இருந்த சேரநாட்டுக் கரை வரை சென்றன என்றும் அந்நூல் சொல்கிறது. ஆக, அரிக்கமேடு உள்ள புதுச்சேரிப் பக்கத்திலிருந்து முசிறி இருந்த கொச்சிப் பக்கத்துக்குப் பாய் விரித்துப் போவது இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம்.

அதே காலத்தில் சரக்கின் ஒரு பகுதி தரைவழியாகவும் போனது. பாக் நீரிணை பெரிய கலங்களுக்கு ஆழம் போதாது. இலங்கையைச் சுற்றினால் நாளும் அபாயமும் கூடும். எனவே மேற்குக் கரையில் இறங்கிய சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கு நாட்டைக் கடந்து கிழக்குக் கரைக்குச் சென்றது என்று வரலாற்றாசிரியர்கள் விளக்குவர். நொய்யல் கரையில் கொடுமணலில் கிடைத்த மணிக்கற்பட்டறைகளும், காங்கேயத்துக்கு அருகில் படியூரில் கிடைத்த பச்சைக்கல்லும், கோவை வட்டாரத்தில் திரளாகக் கிடைத்த ரோமானிய நாணயங்களும் அந்தப் பெருவழியின் சான்றுகள். கடல்வழி கடினமாக இருந்ததால் கொங்கு நாட்டுக்கு வணிகம் வந்தது. இன்றைக்குச் சிறு படகில் போகிறவரும் இரண்டு தடைகளைச் சமாளிக்க வேண்டும்: பருவக்காற்று, பாம்பன் ஆழம்.

காற்றும் நீவாடும்

பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் வைகாசி முதல் ஆவணி வரை ஓயாமல் சுற்றும். பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வரும் தென்மேற்குக் காற்று அது. காற்றாலைக்கு நல்ல அந்தக் காலம் சிறு படகுக்கு ஆகாது. மேற்குக் கரையிலும் மன்னார் வளைகுடாவிலும் கச்சான் காற்று கடலைக் கொந்தளிக்க வைக்கும் மாதங்கள் அவை. தூத்துக்குடித் தோணிகளே அந்தக் கடுங்காலத்தில் கரையில் ஓய்வெடுக்கும்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியும் ஆகாது. வடகிழக்குப் பருவமழையோடு புயலும் வரும் காலம் அது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலில் மீனவர்களைப் பலி கொண்டது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. தனுஷ்கோடியை அழித்த 1964 புயலும் டிசம்பர் 22–23 இரவில் வந்ததுதான்.

மிஞ்சுவது தையும் மாசியும். மழை ஓய்ந்து, புயல் பயம் தணிந்து, வாடைக்காற்று மட்டும் அளவாக வீசும் காலம். வடகிழக்கிலிருந்து வரும் இந்தக் காற்று, சென்னையிலிருந்து தெற்கே போகும் படகுக்கு முதுகுப்புறத்திலிருந்து கிடைக்கும். கொச்சியிலிருந்து கிளம்பிச் சென்னைக்குப் போக நினைப்பவருக்கு அதே காற்று முகத்தில் அறையும். பாய்மரப் படகு காற்றின் முகத்துக்கு நேராகப் போகாது. வலமும் இடமும் மாறி மாறிச் சாய்ந்து ஏற வேண்டியிருப்பதால் 60 மைல் வழி 100 மைல் ஆகும். எனவே தொடங்குவது சென்னை, முடிப்பது கொச்சி என்பதே இந்த மாதங்களுக்குப் பொருந்தும் திசை.

மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் அது மழைக்காலத்தில் தெற்கு நோக்கி ஓடும். மாசி வாக்கில் திசை மாறி, பங்குனி, சித்திரையில் வடக்கு நோக்கி வலுவாக ஓடும். மேற்குக் கரையில் கார்த்திகை முதல் மாசி வரை அது வடக்கு நோக்கிப் போகும். ஆகவே தை பிறந்ததும் சென்னையை விட்டு, நீவாடு திரும்புவதற்குள் குமரியைத் தாண்டிவிட்டால், இரண்டு கரையிலும் தண்ணீர் எதிராக நிற்காது. ஒரு மாதம் தாமதித்துக் கிளம்பினால் கிழக்குக் கரை முழுவதும் எதிர்நீரில் போக வேண்டும். பங்குனியில் காற்றும் தெற்குப் பக்கம் திரும்பிவிடும்.

தை மாதத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. பொங்கலுக்குத் தொழிலாளர்கள் ஊருக்குப் போவதால் திருப்பூர் வட்டாரத்தில் வேலை மந்தமாக இருக்கும். ஏற்றுமதித் தேதிக்கு ஓடிக்கொண்டிருக்கும் தொழிலில் நான்கு பேர் ஒரே நேரத்தில் விடுப்பு எடுக்க முடிகிற அபூர்வமான நாட்கள் அவை.

படகும் பாயும்

எட்டு முதல் ஒன்பது மீட்டர் நீளம், ஒரு பாய்மரம், இரண்டு பாய், பத்துப் பதினைந்து குதிரைச் சக்தி டீசல் எஞ்சின் கொண்ட படகு நான்கு பேருக்குப் போதும். நீர்மட்டத்துக்குக் கீழே படகு இறங்கும் ஆழம் ஒன்றரை மீட்டருக்குள் இருப்பது நல்லது. பாக் விரிகுடாவில் அந்த அரை அடி, ஒரு அடி வித்தியாசமே தரை தட்டுவதையும் தப்புவதையும் தீர்மானிக்கும். இத்தகைய படகின் சராசரி வேகம் மணிக்கு நான்கு கடல் மைல், அதாவது சுமார் ஏழரை கிலோமீட்டர். பகல் 12 மணி நேரத்தில் 48 மைல்தான் போக முடியும். வழியில் எந்தக் கட்டத்தைப் பகலில் முடிக்கலாம், எதில் இரவும் ஓட்ட வேண்டும் என்பதை இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும்.

பாக் விரிகுடா மீனவர்கள் இந்த ஆழமில்லாக் கடலுக்கென்றே வத்தை என்ற படகை வைத்திருந்தார்கள். ஒடுங்கிய உடல், மூன்று பாய்மரம், காற்று வலுக்கும்போது ஆள் ஏறி உட்காரக் குறுக்கே நீட்டிய பலகை ஆகியவை அதன் அடையாளம். சென்னை மாகாண மீன்வளத்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் வெளியிட்ட இந்தியப் படகுகள் பற்றிய ஆய்வில் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஆழம் குறைந்த படகே இங்கு செல்லும் என்பதை அந்த வடிவமே காட்டுகிறது.

பாயைப் பொறுத்தவரை தறி வட்டாரத்துக்காரருக்கு யாரும் துணியைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. பருத்திக் கித்தான் பாயின் காலம் முடிந்துவிட்டது. ஈரத்தில் பூஞ்சை பிடித்து இற்றுப்போகும் பருத்திக்குப் பதில் இப்போது நெருக்கமாக நெய்து பதமிட்ட பாலியெஸ்டர் துணிதான் பாயாகிறது. ஆனால் பாய் கிழிவது பெரும்பாலும் துணியின் நடுவில் அல்ல, தையல் வரிசையிலும் கம்பியில் உரசும் இடத்திலும். வெயில் முதலில் நைந்துபோகச் செய்வது தையல் நூலைத்தான். கிளம்புவதற்கு முன் பாயைத் தரையில் விரித்து ஒவ்வொரு தையலையும் நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். நூல் பொடிந்தால் அந்த வரிசை முழுவதையும் மீண்டும் தைத்துவிட வேண்டும். தடித்த ஊசி, உள்ளங்கைக்குத் தோலுறை, மெழுகு நூல், ஒட்டுத்துணி ஆகியவை படகில் கட்டாயம். பாயின் அடிப்பாகத்தைச் சுருக்கிக் கட்டிப் பரப்பைக் குறைக்கும் வேலையை இருட்டுவதற்கு முன்பே செய்து முடிப்பது எல்லாக் கடலோடிகளின் வழக்கம். காற்று ஏறிய பிறகு, ஆடுகிற படகில், இருட்டில் அதைச் செய்ய முயன்றுதான் ஆட்கள் தவறி விழுகிறார்கள்.

ஆட்களும் அரிசியும்

நான்கு பேரில் இருவராவது முன்பே பாய்மரப் படகு ஓட்டிப் பழகியிருக்க வேண்டும். சென்னைத் துறைமுகத்துக்குள் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-இல் தொடங்கியது. தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் சென்னையில் பயிற்சி தருகிறது. ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணன் சென்னைக்காரர். 2021 ஏப்ரலில் ஓமானில் நடந்த போட்டியில் அந்தத் தகுதியைப் பெற்றார். புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி, சக அதிகாரி தில்னாவுடன் சேர்ந்து தாரிணி என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார். கற்றுக்கொள்ள இந்தக் கரையிலேயே ஆளும் இடமும் உண்டு.

முதல் பயிற்சிக்கே 500 மைல் வைத்துக்கொள்வது முட்டாள்தனம். ஒருநாள் பகல் ஓட்டம், பிறகு ஓர் இரவு ஓட்டம் என்று பழகியபின்தான் நண்பர்களில் யாருக்குக் கடல் ஒத்துக்கொள்ளும், யாருக்கு வாந்தி நிற்காது, யார் இருட்டில் பதறுவார் என்பது தெரியும். யார் தண்டல், அதாவது படகில் கடைசிச் சொல் யாருடையது என்பதையும் கரையிலேயே முடிவு செய்ய வேண்டும். கூட்டுத் தொழில் செய்து பழகியவர்கள் கடலிலும் கலந்து பேசி முடிவெடுக்க விரும்புவார்கள். கலந்து பேசக் கடலில் நேரம் இருக்காது.

இரவில் இருவர் விழித்திருக்க, இருவர் உறங்க, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுவது நான்கு பேருக்கு ஏற்ற முறை. விழித்திருக்கும் இருவரில் ஒருவர் சுக்கானில், மற்றவர் சுற்றுமுற்றும் பார்ப்பதில். இரவில் உயிர்காப்பு அங்கியும் படகோடு இணைக்கும் வாரும் இல்லாமல் யாரும் மேல்தளத்துக்கு வரக்கூடாது.

ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் குடிநீர் என்று கொண்டால் ஐந்து நாளுக்கு 80 லிட்டர், அதாவது நான்கு கேன். அவசரத்துக்கு இன்னும் இரண்டு கேன். ஒரே குக்கரில் முடிகிற கொங்கு நாட்டு அரிசிம்பருப்புச் சாதம் படகுக்கென்றே அமைந்த சமையல். புளிச்சோறு இரண்டு நாள் தாங்கும். தட்டை, முறுக்கு, கடலை மிட்டாய், வறுத்த நிலக்கடலை இரவுக் காவலுக்கு உதவும். கடல் மயக்கத்துக்கான மாத்திரையைப் படகு ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

தகவலும் அனுமதியும்

பதிவுச் சான்றும் ஆட்களின் அடையாளச் சான்றும் கையில் இருக்க வேண்டும். எந்தத் துறையிலிருந்து எந்தத் துறைக்கு, எத்தனை பேர், எப்போது என்ற விவரத்தைத் துறைமுக அலுவலகத்துக்கும் கடலோரக் காவல்படைக்கும் கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல்துறைக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது அவசியம். 2008 மும்பைத் தாக்குதல்காரர்கள் கடல்வழியாக வந்த பிறகு, கரையோரத்தில் அறிமுகமில்லாத படகு எதையும் காவல்துறை விசாரிக்காமல் விடுவதில்லை. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரக் காவல்துறையின் 1093 ஆகிய எண்களில் அழைக்கலாம். கைபேசிக் கோபுரம் எட்டாத இடத்தில் விஎச்எஃப் வானொலியின் 16-ஆம் அலைவரிசையும், செயற்கைக்கோளுக்கு அவசரச் செய்தி அனுப்பும் கருவியும்தான் துணை.

கடல் வரைபடங்களை டேராடூனில் உள்ள தேசிய நீர்வரைவியல் அலுவலகம் வெளியிடுகிறது. அலை உயரம், காற்று வேகம், நீரோட்டம் ஆகியவற்றின் முன்னறிவிப்பை ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் நாள்தோறும் தருகிறது. ஒவ்வொரு துறையிலும் அடுத்த கட்டத்துக்குக் கிளம்பும் முன் அதைப் பார்ப்பதோடு, அங்குள்ள மீனவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அவர்கள் படகு இறக்காத காலையில் விருந்தாளிப் படகு கிளம்பக் கூடாது.

சென்னை முதல் கோடியக்கரை வரை

சென்னை–புதுச்சேரி 75 மைல், ஏறக்குறைய 19 மணி நேரம். பிற்பகலில் கிளம்பினால் இரவு மாமல்லபுரம் கலங்கரை விளக்கைக் கடந்து, காலை வெளிச்சத்தில் புதுச்சேரியை அடையலாம். கல்பாக்கம் அணுமின் நிலையத்தை விட்டு நன்றாக விலகிப் போக வேண்டும். விசைப்படகுகள் கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்கு வெளியேதான் மீன்பிடிக்க வேண்டும் என்பது விதி. அதற்கு உள்ளே நாட்டுப்படகுகளின் வலை நிற்கும். எந்தப் பக்கம் போனாலும் வலை உண்டு. இரவில் சிறு விளக்கு மினுக்கும் இடமெல்லாம் ஒரு வலையின் நுனி என்று கொள்வது பாதுகாப்பு. கப்பல்களைக் காட்டும் தானியங்கி அடையாளக் கருவியின் திரையில் பெரும்பாலான வள்ளங்கள் தெரியாது, கண்தான் பார்க்க வேண்டும். பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும் பருவமும் இதுவே. அவை நீர்மட்டத்தில் மிதந்து ஓய்வெடுப்பதால் சுக்கானில் இருப்பவர் கவனமாக இருக்க வேண்டும்.

புதுச்சேரியில் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் இருக்கிறது. அங்கு மணல் சேர்ந்துகொண்டே இருப்பதால் உள்ளூர்ப் படகு ஒன்றின் பின்னால் போவதே நல்லது. அதே ஆற்றின் கரையில்தான் அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த பழைய துறைமுகத்தைப் பார்க்க நண்பர்கள் ஒரு நாள் ஒதுக்கலாம்.

புதுச்சேரி–காரைக்கால் 60 மைல். தேசிய மாணவர் படை மாணவர்கள் பாய்மரப் படகில் போய்வரும் வழி இது. கொள்ளிடம் முகத்துவாரத்தில் மணல்திட்டு கடலுக்குள் நீண்டிருக்கும். பூம்புகாரையும், டேனியர் 1620-இல் கோட்டை கட்டிய தரங்கம்பாடியையும் கடலிலிருந்தே பார்த்துக்கொண்டு போகலாம். காரைக்காலிலிருந்து நாகப்பட்டினம் பத்து மைல், அங்கிருந்து கோடியக்கரை முப்பது மைல்.

பாக் விரிகுடாவும் பாம்பனும்

கோடியக்கரையில் கரை சட்டென்று மேற்கே மடங்குகிறது. முனையைச் சுற்றிக் கடலுக்குள் வெகுதூரம் ஆழம் இல்லை. வாடைக்காற்றில் அந்த ஆழமில்லா நீரில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். முனையை விட்டுப் பல மைல் விலகிச் சுற்ற வேண்டும். ஆனால் அதிகம் விலகவும் முடியாது. 1974, 1976 ஒப்பந்தங்களில் வகுக்கப்பட்ட இந்திய–இலங்கைக் கடல் எல்லைக்கோடு இங்கே நெருங்கி வருகிறது. அந்தக் கோட்டைச் சென்னையிலேயே ஜிபிஎஸ் கருவியில் ஏற்றிவைத்து, இரண்டு மைல் முன்பே மணி அடிக்கும்படி அமைத்துக்கொள்ள வேண்டும். எல்லை தாண்டியதாகத் தமிழக மீனவர்கள் ஆண்டுதோறும் கைதாகும் கடல் இது.

கோடியக்கரையிலிருந்து பாம்பன் 70 மைலுக்குச் சற்று மேல். வழியில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, மல்லிப்பட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், தொண்டி. கடற்புல் அடர்ந்த இந்தப் பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழ்நாடு அரசு 2022-இல் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் வாரத்தில் நாள் பிரித்துக்கொடுக்கும் ஏற்பாடு இங்கு நெடுநாளாக உண்டு. நாட்டுப்படகு நாளில் வலை கூடுதல் என்பதால், கிழமை பார்த்துக் கிளம்புவதும் திட்டத்தில் சேரும்.

ராமேசுவரம் தீவில் வடக்கே உள்ள பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும், தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். கச்சான் காலத்துக்கு அது சரி. தை மாதத்தில் நிலைமை தலைகீழ். வாடை நேராக அடிப்பதால் வடகடல்தான் முரடு, தென்கடல் சாது. வடக்கிலிருந்து வரும் படகு பாம்பன் முன் நங்கூரமிட்டுக் காத்திருந்தால் காற்று அதைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே பாலம் திறக்கும் நாளை உறுதி செய்துகொண்டு, அதற்கு முந்தைய நாள்தான் பாம்பனுக்கு வந்து சேர வேண்டும்.

1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் இரு கைகளும் மேலே விரிந்து படகுகளுக்கு வழிவிட்டன. 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி லிஃப்ட்போல அப்படியே 17 மீட்டர் உயர்கிறது. எட்டொன்பது மீட்டர் படகின் பாய்மரத்துக்கு இது தாராளம். பாம்பன் துறைமுக அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து, கட்டணம் செலுத்தி, திறக்கும் நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் மீன்பிடிப் படகுகளும் பார்ஜ்களும் காவல்படைக் கலங்களும் சைகை கிடைத்ததும் வரிசையாகக் கடக்கும். பாய் அனைத்தையும் இறக்கி, எஞ்சினை ஓடவிட்டு, அணியத்தில் ஒருவர் நங்கூரத்தைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு நிற்க, வழிகாட்டி காட்டும் கோட்டில் மட்டும் போக வேண்டும். வாடைக் காலத்தில் கால்வாய் நீர் வடக்கிலிருந்து தெற்கே ஓடும். தெற்கே போகிறவருக்கு அது உதவிதான். ஆனால் பின்னாலிருந்து தள்ளும் நீரில் சுக்கான் சரியாகப் பேசாது, வேகத்தைக் குறைத்தால் படகு பக்கவாட்டில் திரும்பிவிடும். இரு புறமும் பாறை. மொத்தப் பயணத்திலும் மிகக் குறுகிய இந்தத் தூரத்துக்குத்தான் மிக அதிகத் தயாரிப்பு தேவை.

மன்னார் வளைகுடாவிலிருந்து குமரிக்கு

பாம்பனிலிருந்து தூத்துக்குடி 67 மைல். மண்டபம் முதல் தூத்துக்குடி வரை கரைக்கு இணையாக 21 தீவுகளை உள்ளடக்கிய கடல் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. தீவுகளில் இறங்கத் தடை. பவளப்பாறையில் நங்கூரம் போடக் கூடாது. தீவுக்கும் கரைக்கும் நடுவே ஆழமும் போதாது. எனவே தீவுகளுக்கு வெளிப்பக்கமாக ஒரே ஓட்டத்தில் போவதே முறை.

தூத்துக்குடி பாதி வழி தாண்டிய இடம். பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குச் சரக்கேற்றும் மரத் தோணிகளை இன்றும் பார்க்கலாம். வரைபடம் இல்லாமல் கண்ணளவில் கட்டுவதும், பலகை இடுக்குகளில் பஞ்சு செருகி அடைக்கும் கலப்பத்து வேலையும் இங்கே கைமாறி வந்த தொழில். இந்தத் தோணி உலகின் நூறாண்டுக் கதையைச் சொல்லும் ஜோ டி குரூஸின் 'கொற்கை' நாவல் 2013-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. ஒரு மாதம் முழுவதும் விடுப்பு கிடைக்காத நண்பர்கள் ஆள் மாற்றிக்கொள்ளவும் இதுவே இடம். கண்டெய்னர் லாரிகள் வரும் வழியிலேயே பொங்கலூரிலிருந்து புதியவர் வந்து ஏற, பழையவர் இறங்கலாம்.

தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரிக்குச் சற்று முன்னால் உள்ள சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகம் வரை சுமார் 60 மைல். மணப்பாடு முனையில் பாறையும் மணல்திட்டும் உண்டு. குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து ஏவுதல் தொடங்கிய பிறகு, ஏவும் நாளில் கடற்பகுதி மூடப்படும் என்பதைத் திட்டத்தில் சேர்க்க வேண்டியிருக்கும். கூடங்குளத்தை விட்டு விலகிப் போவது கட்டாயம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே ஒடுங்கி வரும் வாடை இங்கே வலுக்கும். குமரியைச் சுற்றும் வேலையைக் காற்று எழாத விடியற்காலையில் முடிப்பது நல்லது. பாறை மேல் நிற்கும் 133 அடி வள்ளுவர் சிலை பகலில் நல்ல அடையாளம்.

மேற்குக் கரை

குமரியைச் சுற்றியதும் காற்றின் குணம் மாறிவிடும். மலை மறைப்பதால் வாடை நேராக எட்டாது. காலையில் தரைக்காற்று கிழக்கிலிருந்து மெல்ல வரும். நண்பகலுக்குப் பின் கடற்காற்று வடமேற்கிலிருந்து எதிராக எழும். விடியலுக்கு முன் நான்கு மணிக்குக் கிளம்பிப் பிற்பகலில் ஒதுங்கும் வழக்கத்துக்கு மாற வேண்டும். குமரி–விழிஞ்ஞம் 38 மைல், விழிஞ்ஞம்–கொல்லம் 39 மைல். இரண்டும் ஒரு பகலுக்குள் அடங்கும், கடைசி மணி நேரங்களில் எஞ்சினை ஓட்ட வேண்டியிருக்கலாம்.

2025 மே 2 அன்று முறைப்படி திறக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு உலகின் மிகப்பெரிய கண்டெய்னர் கப்பல்கள் வருகின்றன. அவற்றின் பாதையைக் குறுக்கே கடக்கும்போது நேராக, விரைவாகக் கடந்துவிட வேண்டும். அத்துறைமுகத்திலிருந்து கொச்சிக்குக் கிளம்பிய எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் அதே மாதம் 25-ஆம் தேதி 640 கண்டெய்னர்களோடு மூழ்கியது. கண்டெய்னர்கள் கேரளக் கரையில் பல இடங்களில் ஒதுங்கின. மிதக்கும் மரக்கட்டையும் கண்டெய்னரும் இரவில் தெரியாது என்பதால், இந்தக் கரையில் இரவு ஓட்டத்தைக் குறைப்பது நல்லது. ஆனால் கொல்லத்திலிருந்து கொச்சி 68 மைல், இரவு ஓட்டம் இல்லாமல் முடியாது. 1902-இல் கட்டிய 41 மீட்டர் உயரத் தங்கச்சேரி விளக்கைப் பின்னால் விட்டு மாலையில் கிளம்பினால், ஆலப்புழையை நள்ளிரவுக்குப் பின் கடந்து, மறுநாள் முற்பகலில் கொச்சி முகத்துவாரத்தில் நுழையலாம். போல்காட்டித் தீவில் கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் மரினா இருக்கிறது. உலகம் சுற்றும் பாய்மரப் படகுகள் தங்கும் இடம் அது. படகை அங்கே கட்டிவிட்டுப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அன்று மாலைக்குள் பொங்கலூர் திரும்பிவிடலாம்.

நாள் கணக்கும் மாற்றுத் திட்டமும்

ஓடும் நேரத்தை மட்டும் கூட்டினால் 130 மணிக்குள் அடங்கும். ஆனால் காற்று ஓயும் நாள், கடல் முரடாகும் நாள், பாம்பனில் காத்திருக்கும் நாள், பழுது பார்க்கும் நாள் ஆகியவற்றுக்காக ஓடும் நாளுக்குச் சமமாக ஓய்வு நாளை ஒதுக்க வேண்டும். திரும்பிவர வேண்டிய தேதியை முடிவு செய்துவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான் கிளம்பக் கூடாத காலையில் நங்கூரம் எடுக்கிறார்கள். அதனால் எந்தத் துறையிலும் பயணத்தை முடித்துக்கொண்டு, படகைக் கட்டிவிட்டுப் பேருந்து ஏறலாம் என்ற ஒப்புதல் நான்கு பேருக்கும் முன்பே இருக்க வேண்டும்.

முதன்முறை போகிறவர்கள் சென்னை–நாகப்பட்டினம் கட்டத்தை மட்டும் ஒரு தையில் முடித்து, மீதியை அடுத்த தைக்கு வைத்துக்கொள்ளலாம். அதில் குறைவு ஒன்றும் இல்லை. மாசி பிறந்தும் படகு இன்னும் சென்னையிலேயே நின்றால் அந்த ஆண்டு கிளம்ப வேண்டாம். இந்தக் கரையில் சிறு படகுக்குக் காலம் ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும், அதைத் தவறவிட்டால் அடுத்த தை வரை காத்திருப்பதே சரியான திட்டம்.